குடிநீர், பாதாள சாக்கடை: ஒரு நகரத்துக்கு முப்பது வருடத் திட்டம் போடுவது எப்படி?

சென்னையின் பாதாள சாக்கடையை 1910 வாக்கில் வடிவமைத்தவர்கள், 1961-ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கை 17 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் காலத்துப் பொறியாளர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அரை நூற்றாண்டு தள்ளிப் பார்த்ததே பெரிய விஷயம். இன்று பல ஊர்களில் அடுத்த தேர்தல் வரைக்கும்தான் பார்வை போகிறது.

ஐம்பது வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் திட்டம் போடுகிறவர் வேறொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: கணக்குத் தப்பினால் எதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது? பம்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பம்ப் வைக்கலாம். பதினெட்டு அடி ஆழத்தில், இருபுறமும் மாடிவீடுகள் நிற்கும் தெருவில் போட்ட சாக்கடைக் குழாயைப் பெரிதாக்க முடியாது. வீடுகள் வந்துவிட்ட இடத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிலம் கிடைக்காது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

நகராட்சிக்குப் புதிதாக வந்த பொறியாளர், திட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாத கவுன்சிலர், குடியிருப்போர் சங்கத்துக்காரர் என யார் படித்தாலும் புரிகிற மாதிரி, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். கணக்குக் காட்ட ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். நடந்த கதைகளுக்குப் பெரும்பாலும் சென்னையைத் தொட்டுக்கொள்கிறேன்.

1. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

எல்லா ஊரிலும் குழாய் வரைபடம் இருக்கும். எந்த வருடத்து வரைபடம் என்று கேட்டால்தான் பதில் வராது. காகிதத்தில் 300 மி.மீ. என்றிருக்கும் குழாய், தோண்டிப் பார்த்தால் 200 மி.மீ. ஆக இருப்பது சகஜம். அவசரத்துக்குக் கிடைத்த குழாயைப் போட்டிருப்பார்கள், பதிவு செய்ய மறந்திருப்பார்கள்.

உண்மையான வரைபடம் ஊரின் வால்வு திறக்கும் ஊழியர் தலையில் இருக்கிறது. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும், எந்த முனையில் மாதாமாதம் உடையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் ஓய்வுபெறும் தேதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் நில அளவையாளர் ஒருவரை ஜி.பி.எஸ். கருவியோடு அவருடன் தெருத்தெருவாக நடக்க வைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் விட்டம், எந்தப் பொருளால் ஆனது, போட்ட வருடம், ஆழம், கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை முறை உடைந்தது என்று குறித்துவிட வேண்டும். கணினி மென்பொருளெல்லாம் இதற்குப் பிறகுதான். தப்பான தகவலை ஜி.ஐ.எஸ். எனும் கணினி வரைபடத்தில் ஏற்றினால் கலர் கலராகத் தப்பு தெரியும், அவ்வளவே.

கூடவே மட்ட அளவீடு. ஊர் முழுக்கத் தரைமட்டமும், ஒவ்வொரு மேன்ஹோலிலும் குழாயின் அடிமட்டமும் வேண்டும். குடிநீர் அழுத்தத்தில் ஓடுவதால் மேட்டிலும் ஏறிவிடும். கழிவுநீர் பள்ளம் பார்த்துத்தான் போகும், அங்கே அரை அடி பிசகுகூடப் பெரிய பிசகு. பழைய ஓடையும் கால்வாயும் எந்தப் பக்கம் ஓடின என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வைப்பதும் உதவும். ஊர் சாய்ந்திருக்கும் திசையை அவர்கள் மழைக்காலத்தில் பார்த்தே தெரிந்து வைத்திருப்பார்கள்.

2. எத்தனை பேருக்கு?

நம் கற்பனை ஊரின் மக்கள்தொகை 1991-ல் 1.5 லட்சம், 2001-ல் 1.9 லட்சம், 2011-ல் 2.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே இந்த மூன்று புள்ளிகளை வைத்து, 2026-லிருந்து முப்பது வருடம் தள்ளி, 2056-க்குப் போக வேண்டும்.

பத்து வருடத்துக்குச் சராசரியாக 45 ஆயிரம் பேர் கூடுகிறார்கள். அதே வேகம் நீடித்தால் 2056-ல் 4.4 லட்சம். பத்து வருடத்துக்கு 26.5 சதவீதம் வளர்கிறது என்று கூட்டுவட்டி மாதிரிப் போட்டால் 6.9 லட்சம். கூடும் அளவே ஒவ்வொரு பத்தாண்டிலும் பத்தாயிரம் கூடுகிறது என்ற மூன்றாவது முறையில் ஏறக்குறைய 5.7 லட்சம். மூன்றும் பாடப்புத்தக முறைகள்தான். மூன்றுக்கும் ஆதாரம் ஒரே மூன்று எண்கள். விடைகளுக்கு நடுவே இரண்டரை லட்சம் பேர்!

பல திட்ட அறிக்கைகள் மூன்றையும் போட்டுவிட்டு, ‘சராசரி எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. வித்தியாசம் என்பதே ஒரு தகவல். அதைச் சராசரியில் கரைத்துவிடக் கூடாது. பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு, அதாவது நிலத்துக்கும் ஆழமான பிரதான சாக்கடைக் குழாய்க்கும், மேல் எண்ணை எடுங்கள். மாற்றக்கூடிய பம்புக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நடு எண் போதும், அதுவும் 2041 வரைக்கும்.

இன்னொன்று, ஊர் எல்லை நகரும். 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு சுற்றியிருந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல். மக்கள் எங்கே கூடப்போகிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது; மனைப்பிரிவு அனுமதிகளும் புறவழிச்சாலையும் புதிய மின் இணைப்புகளும் சொல்லும். மின்வாரியக் கணக்கை வார்டு வாரியாக வாங்கிப் பாருங்கள். ஊர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

3. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவுநீர்?

மத்திய அரசின் பொதுசுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.-வின் கையேடு, பாதாள சாக்கடை உள்ள ஊருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது. பெருநகரத்துக்கு 150. சாக்கடைத் திட்டமே இல்லாத ஊருக்கு 70. இந்த 70-க்கும் 135-க்கும் உள்ள தொடர்பைக் கவனியுங்கள். போதுமான தண்ணீர் போகாவிட்டால் சாக்கடைக் குழாயில் கழிவு நகராது. குடிநீருக்கு ஒரு கோப்பு, பாதாள சாக்கடைக்கு இன்னொரு கோப்பு, இரண்டுக்கும் வேறு வேறு ஆலோசகர் என்று பிரித்து நடத்தும் ஊர்களில் அடைப்பு ஏன் தீராது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

2056-ல் 5.7 லட்சம் பேர், தலைக்கு 135 லிட்டர் என்றால் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டியது 77 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 7.7 கோடி லிட்டர். வழியில் 15 சதவீதம் போகும் என்று கையேடு அனுமதிக்கிறது. அப்படியானால் தலைமை நீரேற்று நிலையத்திலிருந்து 90 எம்.எல்.டி. கிளம்ப வேண்டும்.

வீட்டுக்குப் போன தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது நடைமுறைக் கணக்கு. 77-ல் 80 சதவீதம், 62 எம்.எல்.டி. ஆனால் அது நாள் முழுக்கச் சீராக வராது. காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் ஊரே குளிக்கிறது. இந்த அளவு ஊருக்கு உச்சநேர ஓட்டத்தைச் சராசரியைப் போல 2.25 மடங்கு என்று எடுத்துக் குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஊர் சிறிதாக ஆக இந்தப் பெருக்கம் கூடும், 20 ஆயிரம் பேருக்கும் குறைவான இடத்தில் 3.

போர்வெல் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. நகராட்சி 70 லிட்டர்தான் கொடுக்கிறது, எனவே கழிவுநீர் 56 லிட்டர் என்று கணக்குப் போட்டு ஏமாந்த ஊர்கள் உண்டு. மீதியை வீட்டுக்காரர் போர்வெல்லிலும் லாரியிலும் வாங்கிக்கொள்கிறார். வந்த வழி எதுவானாலும் எல்லாம் போவது ஒரே சாக்கடைக்குத்தான்.

4. மோசமான வருடத்தில் தண்ணீர் எங்கிருந்து?

சராசரி மழையை வைத்து நீராதாரம் பேசுவது வீண். சென்னையைப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை, வீராணம் எல்லாம் முழுக்க நிரம்பினால் 13.2 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 1,000 எம்.எல்.டி. கொடுத்தால் ஒரு டி.எம்.சி. 28 நாளில் தீர்ந்துவிடும். எல்லா ஏரியும் தளும்பினாலும் காகிதத்தில் ஒரு வருடமும் சில நாட்களும்தான். வெயிலில் ஆவியாவதைக் கழித்தால் அதுவும் வராது. வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் பொய்த்தால் மறு கோடையில் கதை முடிந்தது.

2018-ல் அது பொய்த்தது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் தண்ணீர் வந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு வெள்ளத்தில் மிதந்த அதே ஊர். நான்கு வருட இடைவெளிதான்.

வெளியூர்த் தண்ணீரும் காகிதத்தில் இருக்கும் அளவுக்கு வராது. கிருஷ்ணா நீருக்கு 1976-ல் பேச்சு முடிந்தது. மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி., வழியில் ஆவியாவதைக் கழித்து 12 டி.எம்.சி. சென்னைக்கு என்று ஒப்பந்தம். முதல் தண்ணீர் எல்லைக்கு வந்தது 1996-ல். பேச்சுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருபது வருடம். அதற்குப் பிறகும் ஆந்திராவில் மழை நன்றாகப் பெய்த வருடத்தில்தான் தாராளம். இங்கே வறட்சியென்றால் பெரும்பாலும் அங்கேயும் வறட்சி.

எனவே நீராதாரப் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: மழை பொய்த்த வருடத்தில் இது எவ்வளவு தரும்? மழையை நம்பாத நீராதாரம் இரண்டே இரண்டு. ஒன்று கடல்நீரைக் குடிநீராக்குவது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் தலா 100 எம்.எல்.டி. ஆலைகள் வந்தன, நெம்மேலியில் 150 எம்.எல்.டி. ஆலை ஒன்று 2024-ல் சேர்ந்தது. இதன் குறை மின்சாரம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் ஆகும். உள்நாட்டு ஊருக்கு இந்த வழியும் இல்லை.

இன்னொன்று ஊரின் கழிவுநீரே. அடைமழையோ வறட்சியோ, ஜனங்கள் குளித்துத் துவைத்தாக வேண்டும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. அளவுக்குக் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிப் பக்கத்துக்கு, கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. ஆலை குடிக்காமல் விட்ட நல்ல தண்ணீர் வீட்டுக்கு மிச்சம். சிங்கப்பூர் இதையே 2003-லிருந்து ‘நியூவாட்டர்’ என்று பெயர் வைத்து நடத்துகிறது. மலேசியாவிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது என்பதை அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை. நம் ஊரின் நீராதார ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று எத்தனை நகராட்சிகளில் உடனே பதில் வரும்?

5. புது ஆறு தேடும் முன் ஓட்டையை அடை

77 எம்.எல்.டி. வீட்டுக்குச் சேர வேண்டும். வழியில் 15 சதவீதம் போனால் 90 அனுப்ப வேண்டும் என்று பார்த்தோம். 35 சதவீதம் போனால்? 118 அனுப்ப வேண்டும். நடுவே 28 எம்.எல்.டி. அது ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அளவு. அந்த 28-ஐ எங்கிருந்தோ கொண்டுவந்து, சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து ஏற்றி, மண்ணுக்குள் விடுகிறோம்.

கம்போடியாவின் நோம் பென் நகரத்தில் 1993-ல் கணக்கில் வராமல் போன தண்ணீர் 72 சதவீதம். பதினைந்து வருடத்தில் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். போரில் சிதைந்த, நம்மைவிட ஏழை நாடு அது. மாயம் ஒன்றும் செய்யவில்லை: எல்லா இணைப்புக்கும் மீட்டர், ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாக அளப்பது, பழைய குழாய்களை மாற்றுவது, திருட்டு இணைப்பை யார் வீடானாலும் வெட்டுவது.

இதில் நம் ஊர்களுக்கு முதல் வேலை பகுதி பிரிப்பது. ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு பகுதி. அதற்குள் தண்ணீர் நுழையும் வாய் ஒன்று, அதில் ஒரு மீட்டர். இரவு இரண்டு மணிக்கு அந்த மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் கசிவுதான். (வீட்டு சம்ப் இரவில்தான் நிரம்பும் ஊர்களில் இந்தக் கணக்குக் கொஞ்சம் குழம்பும், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.)

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் பழக்கம் வேறொரு கெடுதலும் செய்கிறது. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் அதற்குள் அழுத்தம் இல்லை. பக்கத்தில் கசியும் சாக்கடை விரிசல் வழியாக உள்ளே புகும். மறுநாள் காலை முதல் குடத்தில் நாற்றம். ஒடிசாவின் புரி நகரம் 2021-ல் 24 மணி நேரமும் குழாயில் அப்படியே குடிக்கத்தக்க நீர் தரத் தொடங்கியது. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் வெளி அழுக்கு உள்ளே வர வழியில்லை என்பதுதான் அதன் அடிப்படை.

6. சாக்கடையைக் கடைசி முனையிலிருந்து போடு

குடிநீரை ஆரம்பத்திலிருந்து யோசிக்கலாம். சாக்கடையைக் கடைசியிலிருந்துதான் யோசிக்க வேண்டும். சுத்திகரித்த நீர் எங்கே போகும், அதற்கு மேல் சுத்திகரிப்பு நிலையம் எங்கே, அதற்கு எந்த ஆழத்தில் பிரதான குழாய் வந்து சேரும் என்று பின்னோக்கி வர வேண்டும். தெருக்குழாயில் ஆரம்பித்துக் கடைசியில் நிலம் தேடிய திட்டங்கள், குழாய் போட்ட பத்தாவது வருடமும் ஓடையில்தான் கழிவுநீரை விட்டுக்கொண்டிருக்கும்.

நிலத்தை முதல் நாளே கைப்பற்றுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கும், கழிவுநீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்றும் ஒவ்வொரு உந்து நிலையத்துக்கும் 2056-ன் மேல் எண்ணுக்குத் தேவையான அளவு, சுற்றிலும் மரம் வைக்கும் இடத்தோடு. இன்று ஊருக்கு வெளியே கிடக்கும் நிலம் பத்து வருடத்தில் ஊர் நடுவுக்கு வந்துவிடும். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் நீதிமன்றம் போவார். நியாயம்தான், யாருக்குச் சாக்கடை நிலையம் பக்கத்தில் பிடிக்கும்?

அடுத்தது சரிவு. குழாயில் கழிவு படியாமல் இருக்க, இப்போதைய உச்சநேர ஓட்டத்தில் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். 2056-ன் ஓட்டத்தில் 0.8. சிறிய தெருக்குழாய்க்கு இந்த வேகம் வர ஆயிரம் மீட்டருக்கு நான்கு மீட்டர் சரிவு தேவைப்படலாம். சமதரையான கடலோர ஊரில் ஒரு மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்த குழாய், ஒரு கிலோமீட்டரில் ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே நிலத்தடி நீர் ஊறும், தோண்டுவது பெரும்பாடு. அதனால் ஒரு கட்டத்தில் உந்து நிலையம் வைத்து மேலே ஏற்றி மறுபடியும் சரிவில் விட வேண்டும். ஒவ்வொரு உந்து நிலையமும் முப்பது வருட மின்கட்டணம், ஆபரேட்டர் சம்பளம், மின்சாரம் போனால் வழியும் ஆபத்து. ஆழமாகத் தோண்ட ஒருமுறை செலவழித்து ஒரு உந்து நிலையத்தைத் தவிர்க்க முடியுமா என்று ஒவ்வொரு இடத்திலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. முதலீட்டுக்கு மானியம் வரும், மின்கட்டணத்துக்கு வராது.

குழாயைப் பெரிதாகப் போட்டுவிட்டால் போதாதா? போதாது. 2056-க்கான பெரிய குழாயில் இன்றைய சிறு ஓட்டம் அடியில் சவசவவென்று ஊர்ந்து, படிந்து, கந்தக வாயுவைக் கிளப்பும். கான்கிரீட் குழாயின் மேற்கூரையை அந்த வாயு அரித்து இருபது வருடத்தில் சாலையையே உள்வாங்க வைத்துவிடும். ஆகவே பெரிய விட்டம் பிரதான குழாய்க்கு மட்டும்; அதற்கும் உள்பூச்சு வேண்டும். முதல் சில வருடங்களுக்கு அடிக்கடி கழுவிவிடும் ஏற்பாட்டையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லாப் பகுதிக்கும் குழாய் போக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். சிதறிய வீடுகள் உள்ள புறநகருக்குப் பதினைந்து வருடத்துக்கு செப்டிக் டேங்க் லாரியும் கசடு சுத்திகரிப்பு நிலையமும் போதும். தமிழ்நாட்டில் கருங்குழியில் 2017-லேயே அப்படியொரு நிலையம் வந்துவிட்டது. லாரி எங்கே கொட்டுகிறது என்பதற்குக் கணக்கு இருந்தால் சரி.

மேன்ஹோலில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடுக்கிறது. ஆனால் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி நுழைய முடியாத சந்தில் ஆழமான மேன்ஹோல் கட்டினால், ஒருநாள் யாரையாவது இறக்கத்தான் போகிறார்கள். வரைபட மேஜையிலேயே தடுக்க வேண்டிய சாவு அது. வண்டி போகாத தெருவில் குழாயின் ஆழத்தைக் குறைவாக வைத்து, மேன்ஹோல் இடைவெளியையும் 30 மீட்டருக்குள் வையுங்கள்.

7. தெருவில்

குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக் குழாய்க்கும் பக்கவாட்டில் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. நம் ஊரில் தெருவே நான்கு மீட்டர். முடியாத இடத்தில் சாக்கடை கீழே, குடிநீர் குறைந்தது அரை மீட்டர் மேலே, இணைப்புகள் இல்லாத முழு நீளக் குழாயாக, தெருவின் எதிரெதிர் ஓரங்களில். வீட்டு இணைப்பு சாக்கடையைக் கடக்கும் இடத்தில்தான் வியாதி நுழைகிறது. அந்த அரை மீட்டர் இடைவெளியை விடாமல் ஒப்பந்ததாரர் அவசரத்தில் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வரிசை: முதலில் சாக்கடை, அப்புறம் குடிநீர், அப்புறம் மழைநீர் வடிகால், கடைசியில் தார். எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். அது எப்போதும் தலைகீழாக நடப்பதற்குக் காரணம் நிதி வரும் வரிசை வேறு என்பதே. தார் ரோட்டுக்குப் பணம் முதலில் வந்துவிடும். நகராட்சி மன்றத்தில் ஒரே ஒரு தீர்மானம் போட முடியுமென்றால் இதைப் போடுங்கள்: கீழே வேலை முடியாத தெருவில் புதுத் தார் இல்லை.

8. எதை எப்போது?

குழாய்க்கு 30 வருடம், பம்ப் இயந்திரத்துக்கு 15, அணைக்கு 50 என்று கையேடு ஆயுள் வகுத்திருக்கிறது. நம் ஊரில் 2026-ல் கணக்குப்படி 3.26 லட்சம் பேர், கழிவுநீர் 35 எம்.எல்.டி. 2041-ல் 47. 2056-ல் 62. எடுத்த எடுப்பில் 62-க்கு சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் என்ன ஆகும்? முதல் மூன்று வருடத்தில் 40 சதவீத வீடுகள்தான் இணைப்பு வாங்கியிருக்கும் என்றால் வருவது 14 எம்.எல்.டி. காற்றூட்டும் இயந்திரங்கள் பாதி நேரம் வெறுமனே சுற்றும். நுண்ணுயிர்களுக்குத் தீனி இருக்காது, சுத்திகரிப்பும் சரியாக நடக்காது.

அதனால் தலா 16 எம்.எல்.டி. கொண்ட நான்கு அலகுகளாக யோசியுங்கள். ஒன்று முதலில், இரண்டாவது அலகு வீட்டு இணைப்புகள் ஏறியதும், மூன்றாவது 2041-க்குள், நான்காவதைக் கட்டலாமா வேண்டாமா என்பதை அப்போதைய பொறியாளர் முடிவு செய்யட்டும். அவருக்கு நாம் நிலத்தையும், நான்காவது அலகுக்கான குழாய் வாயையும் விட்டுவைத்தால் போதும்.

வீட்டு இணைப்பு என்பது தனிப் பணி, தனிச் செலவு. 1990-களின் கடைசியில் ஆலந்தூர் நகராட்சி, குழாய் போடும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கியது. அன்றைக்கு அது சின்னப் பணம் இல்லை. தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பணம் கொடுத்தவர் சும்மா இருப்பாரா, ‘எங்கள் தெருவுக்கு எப்போது?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டத்தைத் தூக்கி நிறுத்தியதில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு.

9. பணம்

கட்டும் பணம் எப்படியும் வரும். மத்திய அரசின் அம்ருத் திட்டம் இருக்கிறது, மாநில நிதி இருக்கிறது, வெளிநாட்டு வங்கிக் கடன் இருக்கிறது. திட்டத்தைக் கொல்வது ஓட்டும் பணம். பக்கம் பக்கமாக மதிப்பீடு போட்ட அறிக்கையில் பராமரிப்புக்கு அரைப் பக்கம் இருந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள். மின்கட்டணம், ரசாயனம், ஆட்கள், பம்ப் மாற்றும் சேமிப்பு ஆகியவற்றை முப்பது வருடத்துக்கும் வருடவாரியாக எழுதி, எதிரே கட்டண வருமானத்தை எழுத வேண்டும். இரண்டும் எந்த வருடம் பிரிகின்றன என்று பார்த்தால், கட்டணத்தை எப்போது ஏற்ற வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஏழைக் குடும்பத்துக்கு முதல் பத்து கிலோலிட்டர் மலிவாகக் கொடுங்கள், தாராளமாக. ஆனால் மீட்டர் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. மீட்டர் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றால் ஏழைதான் பணக்காரரின் புல்தரைக்குச் சேர்த்துக் கட்டுகிறார்.

10. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை

திட்டம் அச்சான அன்றே பழசாகிவிடும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நான்கு எண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் போதும்: நினைத்த மக்கள்தொகைக்கும் வந்ததற்கும் வித்தியாசம், கணக்கில் வராத தண்ணீர், இணைப்பு வாங்கிய வீடுகள், சுத்திகரிப்பு நிலையத்துக்கு உண்மையில் வரும் அளவு. நான்கில் எது 20 சதவீதத்துக்கு மேல் பிசகியிருக்கிறதோ அந்த அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள். அப்போதே, புதிதாகத் தோண்டிய ஒவ்வொரு தெருவின் உண்மையான ஆழமும் விட்டமும் வரைபடத்தில் ஏறியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள். ஏறாத தெருவுக்கு ஒப்பந்ததாரரின் கடைசிப் பில்லை நிறுத்தி வையுங்கள். பணம் நிற்கிறது என்றால் வரைபடம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.